நம் காலடியில் உள்ள குளம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுச் செயலாளர் இரண்டு மாதத்துக்கு முன் தொலைபேசியில் அழைத்தார். "ரீச்சர், பருவமழையை நம்பியிருக்கிற நாட்டிலை நீர்வள முகாமைத்துவம் எண்டு ஒரு தலைப்பு இருக்கு. நீங்கள்தான் பேச வேணும். கொஞ்சம் சுவையாய் இருக்கட்டும்" என்றார். தலைப்பு பெரிது. மகாவலி, மல்வத்து ஓயா, வன்னிக் குளங்கள் என்று தொடங்கினால் மதியச் சாப்பாடு ஆறிவிடும். முப்பது வருடத்துக்கு மேல் புவியியல் படிப்பித்தவள் என்ற உரிமையில் தலைப்பைச் சுருக்கிக்கொள்கிறேன். இந்த மண்டபத்தின் அடியில் இருக்கும் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அது யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதன் கதையுமாகும்.

நான் 1964ஆம் ஆண்டு ஆறாம் வகுப்பில் விடுதிக்கு வந்தேன். விடுதிக் கிணற்றடியை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இரண்டு கப்பி, நான்கு வாளி, வழுக்கும் சீமெந்துக் கட்டு, கழிவு நீர் ஓடும் வாய்க்கால், அதன் முடிவில் நாலைந்து கதலி வாழை. காலை ஐந்தரை மணிக்கு வரிசை. பெரிய பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வாளி, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டு என்று கணக்கு இருந்தது. கணக்கை யாரும் நின்று காவல் காக்கவில்லை. பன்னிரண்டு வாளி இழுத்த கை பதின்மூன்றாவதை வேண்டாமென்று தானாகவே சொல்லிவிடும்.

புங்குடுதீவிலிருந்து என் வகுப்பில் ஒருத்தி வந்து சேர்ந்தாள். முதல் நாள் அவள் ஒரேயொரு வாளி அள்ளி வைத்து, சிரட்டையால் கொஞ்சங் கொஞ்சமாக வார்த்துக் குளித்தாள். நாங்கள் சிரித்தோம். அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, "இந்தத் தண்ணி குடிக்கலாமோ?" என்று கேட்டாள். குடிக்கலாம் என்றோம். "அப்ப குடிக்கிற தண்ணியிலையோ நீங்கள் குளிக்கிறியள்?" என்றாள். அவர்களுடைய வீட்டுக் கிணறு சவர். நல்ல தண்ணீருக்கு அவளும் தாயும் குடத்தோடு தூரத்துக் கிணற்றுக்குப் போய்வந்தவர்கள். பதினொரு வயதில் எங்களுக்கு அந்தக் கேள்வி பகிடியாக இருந்தது. இன்று குடாநாட்டின் நீர்ப் பிரச்சினை முழுவதையும் ஒரு வசனத்தில் கேட்கச் சொன்னால் அதைத்தான் கேட்பேன்.

பாடத்துக்கு வருகிறேன். எங்கள் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. அதுவும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கமாகக் கடலேரியில் விழும். இரணைமடு போல, கட்டுக்கரை போல பெரிய குளமும் இல்லை. இருந்தும் நெருக்கமாகச் சனம் குடியிருந்தது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்தன. காரணம் நிலத்துக்குக் கீழே. மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லின் மேல்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அது துளையும் வெடிப்பும் பொந்தும் நிறைந்த கல். மாரி மழை செம்மண்ணுக்குள் இறங்கி அந்தக் கல்லுக்குள் தேங்குகிறது. வன்னியார் குளத்தைக் கண்ணால் பார்க்கிறார்கள். எங்கள் குளம் காலடியில் இருக்கிறது. கிணறு என்பது அந்தக் குளத்துக்கு நாம் வெட்டிவைத்திருக்கும் ஒரு யன்னல். இதை ஒன்பதாம் வகுப்பில் சொன்னால் ஒரு பிள்ளையாவது எழுந்து, "அப்ப எங்கட கிணறும் பக்கத்து வீட்டுக் கிணறும் ஒண்டுதானோ மிஸ்?" என்று கேட்கும். ஒன்றுதான்.

அந்தக் குளத்துக்கு அடித்தளமாக இருப்பது கடல் நீர். நன்னீர் இலேசானது, கடல் நீர் பாரமானது; கண்ணாடி விளக்கில் தண்ணீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல் உப்புநீரின் மேல் நன்னீர் மிதந்துகொண்டிருக்கிறது. நடுவில் தடித்து, கரையோரமாக மெலிந்து, ஒரு வில்லையின் உருவில் இருக்கும். நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. கேட்கச் சந்தோசமாக இருக்கும். மறுபுறம் என்னவென்றால், மேலே ஓரடியை இறைத்து இறக்கினால், காலப்போக்கில் கீழேயிருந்து நாற்பது அடி உப்பு ஏறும். வெடிப்பு நிறைந்த கல்லில் இந்தக் கணக்கு இடத்துக்கு இடம் கொஞ்சம் பிசகும். ஏறுவது உப்பு என்பது மட்டும் பிசகாது. புத்தூருக்குப் போய் நிலாவரைக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். இராமர் அம்பு எய்து உண்டாக்கியது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்த அதிசயம் வேறு: மேலே அள்ளினால் நன்னீர், ஆழத்தில் உப்புநீர். நான் சொன்ன வில்லையைக் குறுக்கே வெட்டிக் காட்டியதுபோல் இருக்கிறது அந்தக் கிணறு.

மழைநீரைக் கடலுக்கு வீணே விடக்கூடாது என்பது பராக்கிரமபாகு மன்னனின் கொள்கை என்று வரலாற்றுப் பாடத்தில் படித்தோம். பொலன்னறுவைக்கு அது பொருந்தும். குடாநாட்டில் கொஞ்சத் தண்ணீர் நிலத்துக்குள்ளால் கடலுக்குப் போய்க்கொண்டே இருக்கவேண்டும். அந்தத் தள்ளுதல்தான் கடலை உள்ளே வராமல் வைத்திருக்கிறது. கீரிமலைக் கேணியில் கடலோரமாக நன்னீர் ஊறுவது வீண்போவது அல்ல. அது எங்களுக்காகக் காவல் நிற்கும் தண்ணீர். எவ்வளவு மழை பெய்கிறதோ அவ்வளவையும் இறைக்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள், பொறியியலாளர்களிலும் சிலர், மறந்துபோவது இதைத்தான்.

மழை குறைவு என்று நாம் முறையிடுவது வழக்கம். யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் பெய்கிறது. லண்டன் கிளையினருக்கு ஒரு செய்தி: உங்கள் ஊரில் வருடம் முழுவதும் தூறித் தூறிச் சேர்வது இதில் ஏறக்குறைய பாதிதான். எங்கள் தொல்லை அளவில் இல்லை, காலத்தில் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஆண்டு மழையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் சில நாட்களிலேயே விழுந்தது; வீட்டுக்குள் வள்ளம் விட்டோம். பிறகு தை பிறந்தால் அடுத்த ஐப்பசி வரைக்கும் அந்த மூன்று மாதத்துத் தண்ணீரைத்தான் உண்ண வேண்டும். இடையில் சித்திரையில் ஒரு மழை பெய்தால் அது சித்திரைக் கைவிசேசம் மாதிரி; அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

முன்னோர் இதை அறிந்திருந்தார்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு குளங்களும் கேணிகளும் இருந்தன. வெள்ளம் அவற்றுக்கு வந்து, தங்கி, மெல்ல மெல்ல நிலத்துக்குள் இறங்கியது. மாடு குடிப்பதற்கென்று வெட்டிய குளம் கிணற்றையும் நிரப்பிக்கொண்டிருந்தது. அவற்றில் எத்தனை இன்று கடைத்தொகுதி, எத்தனை பஸ் தரிப்பிடம், எத்தனை குப்பைமேடு என்று நீங்களே உங்கள் ஊர்களில் எண்ணிப் பாருங்கள். ஒழுங்கையைத் தார் போட்டு உயர்த்தும்போது வெள்ள வாய்க்காலை மூடிவிட்டு, மாரியில் வெள்ளம் வீட்டுக்குள் வருகிறதென்று பிரதேச சபைக்கு மனுக் கொடுக்கிறோம்.

ஆனால் பழைய காலத்தைப் பொற்காலமாக்கிப் பேசவும் எனக்கு மனமில்லை. எல்லோருக்கும் எல்லாக் கிணற்றுக் கட்டிலும் ஏற உரிமை இருக்கவில்லை. கிணற்றடிக்கு வெளியே குடத்தோடு நின்று, யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்திருந்த பெண்களை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். நிலத்துக்குக் கீழே ஒரே தண்ணீர். மேலே ஆளுக்கொரு வரம்பு. அந்த ஒழுங்கை யாரும் திரும்பக் கேட்க வேண்டாம்.

பழைய முறையில் ஒரு நன்மை இருந்தது. இறைப்புக்கு அளவு இருந்தது. தோட்டத்துக்குத் துலாவால் இறைக்க, துலாவில் ஏறி இறங்க ஆள், பட்டை பிடிக்க ஆள், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற ஆள் என்று மூன்று நான்கு பேர் வேண்டும். விடியப்புறம் தொடங்கி வெயில் ஏறும்போது களைத்து நிறுத்துவார்கள். கிணறும் அப்போது ஓய்வெடுக்கும், ஊறும். ஐம்பதுகளில் நீரிறைக்கும் இயந்திரம் பரவத் தொடங்கியது. அது தந்த விடுதலையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். துலா மிதித்த தகப்பன்மாரின் நாரியைக் கேட்டால் தெரியும். ஆனால் இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை. கிணற்றுக்கு மானியும் இல்லை. களைப்பு போட்டிருந்த அளவை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் வேறு அளவு ஒன்றையும் நாம் வைக்கவில்லை.

1990க்குப் பின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் அருமையானபோது துலாவும் கப்பியும் சில இடங்களில் திரும்பி வந்தன. அதுவும் நாம் விரும்பி வைத்த அளவல்ல.

விரும்பி வைத்த ஓர் அளவை ஒருமுறை பார்த்திருக்கிறேன். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் நாங்கள் தென்மராட்சிக்குப் போனோம். ஒரு வளவில் பதினொரு குடும்பம் இருந்தது. ஒரே கிணறு. மாரி காலத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை. மழையில் நனைந்துகொண்டுதானே போய்ச் சேர்ந்தோம். மாசி பிறந்ததும் கிணறு இறங்கியது. காலை ஒன்பது மணிக்குள் கலங்கிவிடும். வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். எத்தனையாம் வகுப்புப் படித்தாரோ தெரியாது. ஒரு நாள் விடிய எழும்பிக் கயிற்றில் முடிச்சுப் போட்டு கிணற்றுக்குள் விட்டுப் பார்த்தார். இரவும் பார்த்தார். மூன்று நாள் இப்படிப் பார்த்த பிறகு எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "எட்டு மணிக்குப் பிறகு ஒருத்தரும் அள்ளப்படாது. பின்னேரம் நாலு மணிக்குத் திரும்ப அள்ளலாம். குடிக்கிறதுக்கு முதல், சமையலுக்கு இரண்டாவது, குளிப்புக் கடைசி. ஆளுக்கு நாலு வாளி." அவருடைய சொந்த மகள் ஐந்தாவது வாளி அள்ளியபோது, எல்லோர் முன்னிலையிலும் அதை வாங்கிக் கிணற்றுக்குள் திருப்பி ஊற்றினார். ஏப்ரலில் நாங்கள் அங்கிருந்து புறப்படும்வரை அந்தக் கிணறு வற்றவில்லை, உவர்க்கவுமில்லை. எங்களுக்கு உறவுமில்லாத, முன்பின் தெரியாத அந்த அம்மா செய்ததற்குத்தான் புத்தகத்தில் நீர்வள முகாமைத்துவம் என்று பெயர். மட்டத்தைப் பார்த்தார், வரவை அறிந்தார், செலவுக்கு ஒழுங்கு வைத்தார், ஒழுங்கைத் தன் வீட்டிலிருந்தே தொடங்கினார்.

இனி, தண்ணீர் கெடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல் மழையை விரைவாக உள்ளே விடுவதுபோல் அழுக்கையும் விரைவாக விடும். தோட்டத்தில் போடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வருகிறது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் பாய்ச்சும்போது இன்னும் விரைவாக வருகிறது. மலசலகூடக் குழிகளிலிருந்தும் வருகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்துத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பல அந்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் பல வருடமாகச் சொல்லிவருகிறார்கள். இளம் தாய்மார் இங்கே இருக்கிறீர்கள், ஆகவே அழுத்திச் சொல்கிறேன்: நைத்திரேற்று கொதிக்கவைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் மாப்பால் கரைத்தால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் சக்தியை இழக்கும். உடல் நீலம் பாரிக்கும். கேத்திலில் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்துத்தான் நாம் பயப்படுகிறோம். அது சுண்ணாம்பு, கண்ணுக்குத் தெரிகிறது. பயப்பட வேண்டியதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

இதற்குத் தோட்டக்காரரை மட்டும் குற்றஞ்சாட்டுவது சுலபம். 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியபோது அவர்கள் பட்ட பாட்டை நாம் கண்டோம். பூவரசங்குழை தாழ்த்திப் பயிர் செய்த காலத்துக்கு ஒரு வர்த்தமானி அறிவித்தலால் திரும்பிவிட முடியாது. மண்ணைப் பரிசோதித்து வேண்டிய அளவு மட்டும் உரம் போடுவதற்கும், தூவல், சொட்டு நீர்ப்பாசனத்துக்கும் கைகொடுப்பதே வழி. நம் பங்குக்கு வருவோம். இரண்டு பரப்புக் காணியில் வீடு, கிணறு, மலசலகூடக் குழி மூன்றையும் வைத்துவிட்டு, கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடி இருக்கிறதா என்று நாடாவால் அளக்கிறோம். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்கு நாடா தெரியாது. அதைவிட, அடித்தளம் போட்டு அடைத்த தாங்கியாகக் கட்டாத ஒவ்வொரு குழியும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குள் திறந்திருக்கிறது.

சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதையை நீங்கள் அறிவீர்கள். வாளியில் எண்ணெய் தெரிந்தபடியால்தான் ஊர் திரண்டது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை போய், 2019இல் நட்டஈடாக 2 கோடி ரூபா செலுத்தும்படி தீர்ப்பாயிற்று. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. கல்லுக்குள் போன எண்ணெயை எந்தத் தீர்ப்பாலும் வெளியே எடுக்க முடியாது.

"வெளியே இருந்து தண்ணீர் கொண்டுவரலாமே?" என்று கேட்பீர்கள். அந்த யோசனை பழையது. 1954இல் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டத்தை முன்வைத்தார். வன்னி ஆறுகள் ஆனையிறவுக் கடலேரிக்குக் கொண்டுவரும் மாரி வெள்ளத்தைத் தடுத்து, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடலேரிக்குத் திருப்பி, கடலேரிகளை மெல்ல மெல்ல நன்னீராக்குவது அதன் சாரம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. திட்டம் முழுமை பெறவில்லை. கதவுகள் பழுதாகி உப்பு திரும்பியது. நான் படிப்பித்த காலம் முழுவதும் வரைபடத்தில் அந்த வாய்க்காலைப் புள்ளிக்கோடாகவே போட்டுக்காட்டினேன். இன்றும் புள்ளிக்கோடுதான்.

பிறகு இரணைமடு வந்தது. 2011இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு அங்கிருந்து குடிநீர் கொண்டுவரும் திட்டம் தொடங்கியது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். தங்கள் சிறுபோகமே அரைகுறையாக இருக்கும்போது எங்கள் குழாய்க்கு எப்படித் தருவது என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இருந்தது. வாளிக்கணக்கில்லாமல் இறைத்துவிட்டு அவர்களிடம் கேட்க நமக்கு வாய் எங்கே? ஆகவே கடலுக்குப் போனோம். தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. கடற்றொழிலாளரின் அச்சத்தையும் நாம் கேட்க வேண்டியிருந்தது. எனக்கு அந்த நிலையத்தோடு பகையில்லை. தீவகத்துக்கும் நகரத்துக்கும் குடிநீர் வேண்டும். ஆனால் கடல்நீரை நன்னீராக்க ஒரு கனமீற்றருக்கு மூன்று நான்கு அலகு மின்சாரம் செலவாகும். வானத்திலிருந்து இலவசமாக விழுந்ததை உப்பாக்கிவிட்டு, உப்பைக் காசு கொடுத்து நன்னீராக்குகிறோம். குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று கிணற்றைக் கைவிட்டால் கிணற்றைக் காப்பதற்கு ஆள் இராது என்பதே என் கவலை. கைவிட்ட கிணறு குப்பைக் கிடங்காவதை நான் ஏற்கனவே கண்டுவிட்டேன்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கும் சகோதரிகளே, உங்கள் சீதன உறுதி எங்கேயாவது ஒரு சூட்கேசில் இருக்கும். எடுத்து வாசித்துப் பாருங்கள். காணியின் எல்லைகளைச் சொல்லிவிட்டு, கிணற்றுப் பங்கு என்றும் வழி வாய்க்கால் உரித்து என்றும் எழுதியிருக்கும். கிணறு ஒருவருக்கு முழுச்சொத்தாக இருந்தது குறைவு, பங்குதான். எங்கள் பாட்டிமார் மகளுக்குக் கொடுத்தது காணியும் நகையும் மட்டுமல்ல, தண்ணீரில் ஒரு பங்கும்கூட. அந்தப் பங்கோடு, மற்றப் பங்குகாரரின் முறையை மதிக்கும் கடமையும் சேர்ந்தே வந்தது. இன்று ஊருக்கு வந்து வீடு திருத்துகிறீர்கள். நல்ல காரியம். பழைய கிணற்றை மூடி, மூலையில் குழாய்க்கிணறு இறக்கி, படலையிலிருந்து கோடிவரைக்கும் சீமெந்துக்கல் பதிக்கிறீர்கள். வருடத்தில் மூன்று கிழமை வந்து நிற்கும்போது செருப்பில் செம்மண் படக்கூடாது. மிச்ச நாற்பத்தொன்பது கிழமையும் அந்த முற்றத்தில் விழும் மழை நிலத்துக்குள் போக வழியில்லாமல் ஒழுங்கைக்கு ஓடுகிறது. கோபிக்க வேண்டாம். என் சொந்தத் தங்கையிடம் இதைச் சொல்லி, ஒரு மாதம் அவள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு பாதிக் கல்லைக் கிளப்பிவிட்டு மாமரம் வைத்திருக்கிறாள்.

கடைசியாக, நான் இன்று பேச ஒப்புக்கொண்ட உண்மையான காரணம். நூற்றாண்டு நிதியிலிருந்து செய்ய உத்தேசித்துள்ள வேலைகளின் பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது. நாலாவது, மண்டபத்துக்குப் பின்னால் ஆழமான குழாய்க்கிணறு. ஐந்தாவது, வேப்பமரத்து முற்றம் முழுவதற்கும் கல் பதிப்பது. இரண்டையும் எழுதியவர்கள் கல்லூரியின் மேல் உள்ள அன்பில் எழுதினார்கள். விடுதிக் கிணறு ஆவணி புரட்டாதியில் சவர்க்கத் தொடங்கியிருக்கிறது. பிள்ளைகள் போத்தல் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்கள். அதனால் இன்னும் ஆழமாகப் போகலாம் என்று நினைக்கிறோம். ஆழத்தில் இருப்பது என்னவென்று அரை மணித்தியாலமாகச் சொல்லிவிட்டேன்.

என் யோசனையைக் கேளுங்கள். இந்த மண்டபத்தின் கூரை ஏறத்தாழ 400 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். ஓர் ஆண்டு மழைக்கு ஐந்து இலட்சம் லீற்றர் வரும். 5,000 லீற்றர் பவுசரில் நூறு பவுசர். பீலி போட்டு, முதல் மழையின் அழுக்கை வெளியே விட்டு, மணலும் சல்லியும் கரியும் இட்ட வடிகட்டியினூடாக ஒரு பங்கைக் குடிநீர்த் தாங்கிக்கு விடலாம், மிச்சத்தைப் பழைய கிணற்றடியில் நிலத்துக்குள் விடலாம். கூரைத் தண்ணீர் மட்டும். முற்றத்து அழுக்குத் தண்ணீர் கிணற்றுக்குள் போகவே கூடாது. முற்றம் மண்ணாகவே இருக்கட்டும். கல்லுக்கு வைத்த காசில் விடுதி மலசலகூடக் குழிகளை அடைத்த தாங்கிகளாக மாற்றலாம். இதில் பெயர்ப்பலகை மாட்டுவதற்கு இடம் இல்லை என்பது குறைதான். மலசலகூடத் தாங்கிக்கு யார் பெயர் வைக்க விரும்புவார்கள்? எங்கள் 1971ஆம் ஆண்டுப் பிரிவு முன்வருகிறது, பெயரும் வேண்டாம்.

இரண்டு வருடமாக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விடுதிக் கிணற்றில் முடிச்சுக் கயிறு விட்டு மட்டத்தை எழுதுகிறார்கள். தென்மராட்சி அம்மாவிடம் நான் படித்ததை அவர்களுக்குப் படிப்பித்தேன். மார்கழியில் நாலாவது முடிச்சில் தண்ணீர். ஆவணிக் கடைசியில் பத்தாவது முடிச்சு. சென்ற மாரிக்குப் பிறகு நாலாவது முடிச்சுக்குத் தண்ணீர் திரும்பவில்லை, ஐந்தோடு நின்றுவிட்டது. இரண்டு வருடக் கணக்கை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது என்று நான்தான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அவர்களில் ஒருத்தி, "அப்ப எத்தனை வருசம் பாத்துக்கொண்டிருக்க வேணும் ரீச்சர்?" என்று கேட்டாள்.

அந்தக் கொப்பி அதிபர் அவர்களின் அலுவலக மேசையில் இருக்கிறது. தேநீருக்குப் போகிற வழியில் புரட்டிப் பாருங்கள். பொதுக்கூட்டம் மூன்று மணிக்குத் தொடங்குகிறது. நாலாம் ஐந்தாம் இலக்க வேலைகளை மாற்றும் பிரேரணையை எழுதிக் கொடுத்திருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.